மணிக்கூண்டுல எண்ணிக்கை இருக்கு, பேர் இல்ல

இது கொஞ்சம் நீளமான திரெட் மக்களே. வழக்கமா சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசின்னு எழுதற ஆள் இன்னைக்கு ராணுவத்தைப் பத்தி எழுதறேன். நடுவுல மருத்துவமும் வரும், பொறுமையா படிங்க.

நான் ஒடுகத்தூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறேன். காலையில ஷூ கம்பெனி வண்டிகள் பெண்களை ஏத்திக்கிட்டு ஆம்பூர் பக்கம் போனதும் ஊர்ல மிச்சம் இருக்கறது குழந்தைகளும் வயசானவங்களும்தான். எங்க ஓ.பி. வரிசையும் அப்படித்தான் இருக்கும். சில வருஷத்துக்கு முன்னாடி அந்த வரிசையில தொண்ணூறு வயசு இருக்கும் ஒரு ஆயா வந்தாங்க. கூட பேரன். பிரஷர் மாத்திரை வாங்கணும், அப்படியே ஒரு உயிர்வாழ் சான்றுல பச்சை மையில கையெழுத்தும் வேணும்.

படிவத்துல கணவர் பேர் எழுதற இடம் காலியா இருந்தது. நர்ஸ் கேட்டாங்க. ஆயா வாயைத் திறக்கல. எங்க பக்கம் அந்தத் தலைமுறைப் பெண்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க, எல்லா அரசு டாக்டருக்கும் இது பழக்கம்தான். "இந்தப் பையனுக்கு அவரு பேருதான் வச்சுருக்கோம், அவனையே கேளு. நான் இவனைக்கூட ராசான்னுதான் கூப்பிடுவேன்"னு சொல்லிட்டாங்க. பேரன் தன் பேரையே தாத்தா பேரா எழுதிக் கொடுத்தான்.

தாத்தா இரண்டாம் உலகப்போர்ல பர்மா வரைக்கும் போனவர். ஓய்வூதியம் எதுவும் வராத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்குது. அதுக்குத்தான் அந்தச் சான்று. வருஷத்துக்கு ஒருமுறை தான் உயிரோட இருக்கிறதா ஆயா காட்டியாகணும். பணம் ஒழுங்கா வருதுன்னாங்க. அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்தத் திரெட் பணத்தைப் பத்தினது இல்ல.

பையன் பிளாஸ்டிக் கவர்ல பழைய டிஸ்சார்ஜ் காகிதங்களை வச்சிருந்தான். மடிப்புல எல்லாம் கிழிஞ்சு, பழுப்பேறி. ஒரு வரியைக் காட்டி, "தன் விருப்பத்துல சேர்ந்தார்னு போட்டிருக்கு சார்"னு கொஞ்சம் பெருமையா சொன்னான். ஆயாவுக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு.

"தானா எங்கடா போனாரு? வூட்ல அஞ்சு வாயி, ஒரு வேளை கூழு. ஆள் எடுக்க வந்தவங்ககிட்ட மணியக்காரரு நாலு வூட்டுப் பிள்ளைங்களைக் கை காட்டி வுட்டாரு. அதுல இவரு ஒண்ணு. அவரே சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு."

1942-ல பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னுபோச்சு. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பி இருந்த மாகாணம். சோத்துக்கே வழியில்லாத வருஷங்கள்ல மூணு வேளை சாப்பாடும் சம்பளமும் தர்றேன்னு ஒருத்தன் வந்தா, அதை விருப்பம்னு எழுதறதா வேற என்னன்னு எழுதறது?

ஆயாவோட வீட்டுக்காரர் திரும்பி வந்து தோல் ஷாப்புல வேலைக்குச் சேர்ந்தார். தீபாவளி வந்தா மட்டும் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போயிடுவாராம். பட்டாசுச் சத்தம் எல்லாம் அடங்கின பிறகுதான் வீட்டுக்கு. ஊர்ல பிள்ளைங்க 'பயந்தாங்கொள்ளி மிலிட்டிரி'ன்னு பேர் வச்சு, வேணும்னே பின்னாடி வெடி போடுவாங்களாம். 'நானும் சிரிச்சிருக்கேன் தம்பி'ன்னு ஆயா சொன்னாங்க. சொல்லிட்டு முந்தானையால கண்ணாடியைத் துடைச்சாங்க.

நேர்ல பார்க்காத, செத்துப்போன மனுஷனுக்கு நான் நோய் எழுத முடியாது. ஆனா இன்னைக்கு ஒருத்தர் இப்படி என் முன்னாடி வந்து உட்கார்ந்தா, எதைப் பத்தி முதல்ல கேட்பேன்னு எனக்குத் தெரியும். அந்த நோய்க்கு மருத்துவப் புத்தகத்துல முறையா ஒரு பேர் வந்ததே 1980-லதான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல்ல பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயைச் சேர்த்தாங்க. சேர்க்க வச்சதுல வியட்நாமில் இருந்து திரும்பின சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பேர் வர்ற வரைக்கும் உலகம் முழுக்க இந்த மனுஷங்க பயந்தாங்கொள்ளிங்கதான்.

கிளம்பும்போது ஆயா கேட்டாங்க: "வேலூரு மணிக்கூண்டுல மிலிட்டிரிக்குப் போனவங்க பேரெல்லாம் வெட்டி வச்சுக்கீறாங்களாமே? அவரு பேரு இருக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்றியா தம்பி?"

லாங் பஜார் மணிக்கூண்டைத் தாண்டி நீங்க எத்தனை தடவை போயிருப்பீங்க? நான் படிக்கிற காலத்துல இருந்து போறேன். பூ, பழம், ஆட்டோ ஹாரன், தலைக்கு மேல ஒயர். அதுக்கு நடுவுல நிமிர்ந்து கல்லைப் படிக்க யாருக்கு நேரம்? ஆயாவுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை போய் நின்னு படிச்சேன். ஆங்கிலத்துல ஒரு கல்வெட்டு. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வேலூரை கிராமம்னு எழுதியிருக்காங்க. இதே வாசகத்துல, எண்ணை மட்டும் மாத்தி, நாடு முழுக்கப் பல ஊர்ல கல் வச்சாங்க. அச்சடிச்ச படிவத்துல கோடிட்ட இடத்தை நிரப்பற மாதிரி.

அடுத்த மாசம் மாத்திரைக்கு வந்தப்ப சொன்னேன். "ஆயா, அது அவர் போன சண்டைக்கு வச்ச கல் இல்ல, அதுக்கு முந்தின சண்டைக்கு. அதுலயும் பேர் கிடையாது. எத்தனை பேர்னு எண்ணிக்கைதான் இருக்கு."

"எண்ணி வச்சுக்கீறாங்களா? ஆடு மாடா அவங்க?"

நான் பதில் சொல்லல. பதில் இருந்தாத்தானே சொல்ல. அதுக்கப்புறம் கிடைச்ச நேரத்துல எல்லாம் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் கீழே எழுதறேன்.

முதல்ல அந்தக் கணக்கையே பார்க்கலாம். 277-ல 14 போனா 263. இந்த 263 பேர் திரும்பி வந்தவங்க. கல்லு அவங்களைத் தனியா ஒரு வார்த்தைகூடச் சொல்லல. அவங்க திரும்பின சமயம்தான் 1918 இன்ஃபுளூயன்சா. இந்தியாவுல மட்டும் 1 கோடிக்கும் மேல செத்ததா மதிப்பிடறாங்க. போர்ல தப்பிச்சு ஊர் வந்தவன் காய்ச்சல்ல போயிருந்தா அவன் 14-லயும் இல்ல, வேற எந்தக் கணக்குலயும் இல்ல. கையில்லாம வந்தவன், கண் போய் வந்தவன், ராத்திரியில கத்தறவன், எல்லாரும் அந்த 263-க்குள்ளதான்.

சரி, இவங்க கட்டாயமா இழுத்துட்டுப் போகப்பட்டவங்களா, தானா போனவங்களா? சட்டப்படி பார்த்தா பதில் எளிது. பிரிட்டன் தன் மக்கள் மேல 1916-ல கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. இந்தியர்கள் மேல அந்தச் சட்டம் கடைசி வரை வரல. முதல் உலகப்போர்ல சுமார் 13 லட்சம் இந்தியர்கள் கடல் தாண்டிப் போனாங்க. 74,000 பேருக்கு மேல திரும்பல. இரண்டாம் உலகப்போர்ல 25 லட்சம் பேர் படையில இருந்தாங்க, சுமார் 87,000 பேர் இறந்தாங்க. உலக வரலாற்றிலேயே மிகப்பெரிய தன்னார்வப் படைன்னு இதைப் பெருமையா சொல்வாங்க.

இந்தத் 'தன்னார்வம்' உண்மைதானான்னு ஒருத்தர் கேட்டார். அவரும் நம்ம சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதியா இருந்தவர்தான். சேத்தூர் சங்கரன் நாயர். வைஸ்ராயோட நிர்வாகக் குழுவுல இருந்தவர், ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு 1919-ல பதவியைத் தூக்கிப் போட்டவர். 1922-ல எழுதின புத்தகத்துல பஞ்சாப் கவர்னரா இருந்த மைக்கேல் ஓட்வையரைக் குற்றம் சாட்டினார். ஓட்வையர் அவதூறு வழக்கு போட்டார். 1924-ல லண்டன்ல அஞ்சு வாரம் விசாரணை. அங்கே கேட்கப்பட்ட கேள்விகள்ல ஒண்ணு, பஞ்சாப் கிராமங்கள்ல ஆள் சேர்க்க என்னென்ன செஞ்சாங்க, மிரட்டினாங்களா அப்படின்றது. ஜூரியில 11 பேர் ஓட்வையர் பக்கம், ஒரே ஒருத்தர் எதிர்ப்பு. நாயர் தோத்தார், 500 பவுண்டு கட்டச் சொன்னாங்க. ஆனா விஷயம் நீதிமன்றப் பதிவுல ஏறிடுச்சு. கீழ இருக்கிற அதிகாரிக்கு 'உன் பகுதியில இத்தனை ஆள் வேணும்'னு மேல இருந்து நெருக்கினா, அந்த நெருக்கடி கடைசியா எந்த வீட்டு வாசல்ல போய் நிற்கும்னு நமக்குத் தெரியாதா? இலக்கு கொடுத்து வேலை வாங்கினா என்ன ஆகும்னு எமர்ஜென்சி காலக் குடும்பக் கட்டுப்பாட்டுல நம்ம துறையே பார்த்தது.

அதனால 'கட்டாயம்'ங்கறது சட்டப் புத்தகத்துல மட்டும் இருக்கற சொல் இல்ல. மணியக்காரர் நீட்டின விரலும் காலிப் பானையும் கட்டாயம்தான். இது என் கருத்து. மறுக்கறவங்க மறுக்கலாம்.

சட்டப்படியே கட்டாயமா போன தமிழர்களும் உண்டு. ரொம்ப தூரம் போக வேண்டாம், புதுச்சேரிதான். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை வச்சிருந்த குடும்பத்துப் பையன்களுக்குப் பிரெஞ்சு ராணுவ சேவை கட்டாயம். 1962 ஆகஸ்ட் 16-ல இணைப்பு சட்டப்படி முழுமையானபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் கொடுத்தவங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது தொடர்ந்தது. ஊர்ல அவங்களுக்கு 'சொல்தா'ன்னு பேர். இந்தோசீனா, அல்ஜீரியான்னு போய் வந்த சொல்தாக்கள் உண்டு. கடற்கரை சாலையில காந்தி சிலைக்கு எதிர்ல இருக்கே பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், அது 1938-ல திறந்தது. இப்பவும் நவம்பர் 11-ம் தேதி அங்கே மலர்வளையம் வைக்கறாங்க.

அந்த அல்ஜீரியா கதை முக்கியம். 1954-லிருந்து 1962 வரை பிரான்ஸ் அங்கே சண்டை போட்டது. கட்டாய சேவையில பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை அனுப்பினாங்க. ஆனா பிரெஞ்சு அரசு அதைப் போர்னு சொல்லல. 'ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கை'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தது. அது போர்தான்னு பாராளுமன்றம் சட்டம் போட்டது 1999 அக்டோபர்ல. முடிஞ்சு 37 வருஷம் கழிச்சு. இருபது வயசுல போனவனுக்கு அப்ப அறுபது ஆகப் போகுது. போரே நடக்கலைன்னா இவனுக்கு எப்படிப் போர்க்காயம் இருக்கும்? டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவான்?

ஆஸ்திரேலியாவுல இன்னும் விசித்திரம். 1964-ல கொண்டுவந்த சட்டப்படி, இருபது வயசு ஆகற பையன்கள்ல யார் ராணுவத்துக்குன்னு முடிவு பண்ணினது குலுக்கல். தேதி எழுதின கோலிக்குண்டுகளைப் பீப்பாய்ல போட்டு உருட்டி எடுப்பாங்க. உங்க பிறந்த தேதி வந்தா நீங்க போகணும். அப்படி 63,735 பேரை எடுத்தாங்க, அதுல 15,000-க்கும் மேற்பட்டவங்க வியட்நாம் போனாங்க, சுமார் 200 பேர் செத்தாங்க. திரும்பி வந்தப்ப நாடே அந்தப் போரை வெறுத்துக்கிட்டு இருந்தது. அந்தக் கோபம் போரை ஆரம்பிச்சவங்களை விட்டுட்டு குலுக்கல்ல மாட்டின பையன் மேல விழுந்தது. சிட்னியில அவங்களுக்கு முறையா ஒரு வரவேற்பு ஊர்வலம் நடந்தது 1987 அக்டோபர் 3. கட்டாய சேவை செஞ்சவங்களுக்குன்னே தனிப் பதக்கம் வந்தது 2001.

இதை எல்லாம் ஏன் சொல்றேன்னா, 'எப்பவோ நடந்ததுக்கு இப்ப என்ன'ன்னு கேட்கறவங்களுக்காக. எல்லா நாட்டுலயும் இது தாமதமாத்தான் நடந்திருக்கு. நாம மட்டும் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல.

இப்ப நீங்க கேட்கப் போற கேள்வி எனக்குத் தெரியும். டூட்டி ரூம்ல நண்பர் ஒருத்தர் நேராவே கேட்டார். "வெள்ளைக்காரன்கிட்ட கூலி வாங்கிட்டு வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவனுக்கு நாம எதுக்குய்யா கல்லு வைக்கணும்?"

நியாயமான கேள்வி. இதுக்கு வேலூர்லயே பதில் இருக்கு. மக்கான் பகுதியில இருக்கற சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பாருங்க. ஒவ்வொரு ஜூலை 10-ம் தேதியும் அங்கே அஞ்சலி செலுத்தறாங்க. 1806-ல கோட்டைக்குள்ள எழுந்த சிப்பாய்களுக்கு 200-வது ஆண்டுல தபால்தலையும் வந்தது. வரணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா ஜூலை 9-ம் தேதி ராத்திரி வரைக்கும் அவங்களும் கம்பெனி சம்பளம் வாங்கின சிப்பாய்ங்கதானே? அவங்களுக்கும் 277 பேருக்கும் நடுவுல இருக்கறது ஒரு ராத்திரி. அந்த ராத்திரி வராதவன் எல்லாம் துரோகின்னு சொல்ல எனக்கு வாய் வரல.

இன்னொண்ணு. போருக்குப் போனவனை அங்கீகரிக்கறதும் அந்தப் போரை ஆதரிக்கறதும் ஒண்ணு இல்ல. விஷம் குடிச்சவரை ஓ.பி.க்குத் தூக்கிட்டு வந்தா, ஏன் குடிச்சே, சரியா தப்பான்னு நாங்க விசாரிச்சுட்டு டியூப் போடறது இல்ல. கட்டாயத்துல போனவன் விஷயத்துல இது இன்னும் தெளிவு, போகலாமா வேணாமான்னு அவன்கிட்ட யாரும் கேட்கவே இல்லையே.

அப்புறம், அந்தப் போர்ல எங்க ஊருக்குப் பங்கே இல்லைன்னு ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரங்க யாரும் சொல்ல முடியாது. முதல் உலகப்போர் சமயத்துல சென்னை மாகாணத்துல பதப்படுத்தின மாட்டுத்தோலை பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு மேல்தோலா கப்பல் கப்பலா வாங்கினாங்க. ஆவாரம்பட்டையில ஊறின நம்ம பக்கத்துத் தோலு பிரான்ஸ் நாட்டுச் சேத்துல நடந்திருக்கு. தோல் வியாபாரத்துக்கு அது நல்ல காலம்னு வரலாறு எழுதி வச்சிருக்கு. கூடப் போன காலுங்களைப் பத்தித்தான் எழுதல.

பிரிட்டிஷ்காரங்க மட்டும் ஒழுங்கா செஞ்சாங்களான்னா, அதுவும் இல்ல. அவங்க போர்க்கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021 ஏப்ரல்ல ஒரு அறிக்கை வெளியிட்டது. எல்லாருக்கும் சமமான நினைவுச் சின்னம்னு சொல்லிட்டு, முதல் உலகப்போர்ல இறந்த ஆசிய, ஆப்பிரிக்கர்கள்ல 45,000-லிருந்து 54,000 பேர் வரைக்கும் சமமா நடத்தலன்னு ஒத்துக்கிட்டாங்க. அது போக குறைஞ்சது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 வரைக்கும்கூட, பேர் சொல்லியோ சொல்லாமலோ எங்கேயுமே நினைவுகூரப்படல. ஆப்பிரிக்காவுல மூட்டை தூக்கக் கட்டாயமா பிடிச்சுட்டுப் போனவங்கதான் இதுல நிறைய. பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்துல மன்னிப்பு கேட்டார்.

அந்த அறிக்கையில ஒரு இடம் எனக்கு ரொம்பக் கோபம் வரவச்சது. இன்னைக்கு கானான்னு சொல்றோமே, அந்த கோல்டு கோஸ்ட் கவர்னர் 1923-ல, சராசரி உள்ளூர்க்காரனுக்குக் கல்லறைக் கல்லோட மதிப்பு புரியாதுன்ற அர்த்தத்துல பேசியிருக்கார். கல்லோட அருமை நமக்குப் புரியாதாம்!

ஐயா, நம்ம பக்கத்துக் காட்டுல வந்து பாருங்க. ஒடுகத்தூருக்குப் பின்னாடி ஜவ்வாது மலை. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினா செங்கம், திருவண்ணாமலை. தமிழ்நாட்டுல நடுகல் அதிகமா கிடைச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு. ஆயிரம், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக் கல்லுங்க. ஊர் மாட்டை ஓட்டிட்டுப் போனவங்களோட சண்டை போட்டுச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன், எல்லாருக்கும் கல். வெறும் கல் இல்ல, எந்த ராஜாவோட எத்தனையாவது ஆட்சியாண்டு, செத்தவன் பேர் என்ன, யாரோட ஆள், எப்படிச் செத்தான், எல்லாம் வட்டெழுத்துல வெட்டியிருக்கும். அவன் பெரிய தளபதி எல்லாம் இல்ல, சாதாரண ஊர்க்காரன். இன்னைக்கும் பல இடத்துல அந்தக் கல்லை வேடியப்பன்னு கும்பிடறாங்க.

செங்கம் பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்துது. எருமைகளைக் காப்பாத்தப் போராடிச் செத்த கருந்தேவக்கத்திங்கறவனுக்கு வச்சது. அவன் பக்கத்துல ஒரு நாயும் செதுக்கியிருக்காங்க. அது ரெண்டு கள்ளர்களைக் கடிச்சு எஜமான் பக்கத்துல காவல் நின்னதாம். அந்த நாயோட பேர் கோவிவன். அதையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயோட பேரை வெட்டின மண்ணு இது. நூறு வருஷத்துக்கு முன்னாடி போன 277 மனுஷங்க இங்கே ஒரு எண்ணு. ஆடு மாடான்னு ஆயா கேட்டாங்களே, அதை எடுத்தனூர் கல்லைப் பத்திப் படிச்ச அன்னைக்குத்தான் நான் முழுசா கேட்டேன்.

அந்த வழக்கம் செத்துடவும் இல்ல. மலேயா தோட்டங்கள்ல இருந்து ஜப்பான் ராணுவம் ஏமாத்தியும் பிடிச்சும் கொண்டுபோன தமிழர்களை வச்சு 1942-43-ல சயாம்-பர்மா ரயில் பாதை போட்டாங்க, 415 கிலோமீட்டர். காலரா, மலேரியா, பட்டினி. எத்தனை ஆயிரம் பேர்னு இன்னும் சரியான கணக்கு கிடையாது. அவங்க சிப்பாய் இல்ல, கூலிகள், ஆனா கட்டாயம் அதே கட்டாயம்தான். பக்கத்துலயே நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையா பேர் எழுதின கல்லறைகள் இருந்தப்ப, இவங்களுக்கு 80 வருஷமா ஒண்ணும் இல்ல. 2024-ல தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சி எடுத்து, தமிழ்நாடு அரசும் பணம் கொடுத்து, காஞ்சனபுரியில நடுகல்னே பேர் சொல்லி ஒண்ணு வச்சாங்க. அப்ப நம்ம மாவட்டத்துக்குள்ளயே செய்ய என்ன தடை?

நான் புதுசா மணிமண்டபம் கட்டச் சொல்லல. இன்னொரு கல்லுல இன்னொரு எண்ணை வெட்டவும் வேணாம். பேர் வேணும். செத்தவங்க பேர் மட்டும் இல்ல, திரும்பி வந்தவங்க பேரும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையில வீட்டுக்கு வீடு ராணுவத்துல ஆள் இருக்கறதால 'ராணுவப்பேட்டை'ன்னே சொல்றோம், பெருமைப்படறோம். அங்கே எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லிச் சொல்வாங்க. மத்த ஊர்ல ஒருத்தர் ரெண்டு பேரா போனவங்கதான் காணாம போயிட்டாங்க.

பேரெல்லாம் இனிமே எங்க கிடைக்கும்னு கேட்காதீங்க. முதல் உலகப்போர்ல பஞ்சாப்ல இருந்து போன 3,20,000 பேரோட விவரம் ஊர் ஊரா எழுதின பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்துல 97 வருஷம் தூங்கிச்சு. பிரிட்டன்ல இருக்கற பஞ்சாபியர் அமைப்பு ஒண்ணும் கிரீன்விச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-ல அதை இணையத்துல ஏத்தினாங்க. இப்ப அங்கே பேரன்கள் தாத்தா பேரைத் தேடிக் கண்டுபிடிக்கறாங்க. அது மாதிரி ஒரு வேலையை நம்ம பக்கம் ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை கையில எடுக்கலாம்.

இன்னைக்கே செய்யக்கூடியதும் இருக்கு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தோட இணையதளத்துல இறந்தவங்க பட்டியல் இலவசமா தேடலாம். கூடுதல் தகவல்ங்கற இடத்துல பல பேருக்கு அப்பா பேரும் ஊர் பேரும் இருக்கும். அன்னைக்கு நம்ம மாவட்டம் வட ஆற்காடு, அதை ஆங்கிலத்துல போட்டுத் தேடிப் பாருங்க. பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சா, பத்தாவது பசங்களுக்கு ஒரு ப்ராஜெக்டா கொடுங்க சார். ரங்கூன் பக்கத்துல தவுக்கியான் நினைவுச் சின்னத்துல மட்டும் கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரோட பேர் இருக்கு. அதுல ஒண்ணு உங்க தெருவா இருக்கலாம்.

செத்தவங்க அதுல கிடைப்பாங்க. திரும்பி வந்தவங்க கிடைக்க மாட்டாங்க. அவங்க உங்க வீட்டுப் பரண்லதான் இருக்காங்க. பழைய டிரங்குப் பெட்டி, மஞ்சள் பை, சாமி படத்துக்குப் பின்னாடி. ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமோ, ரிப்பன் போன பதக்கமோ, யூனிஃபார்ம் போட்ட போட்டோவோ இருந்தா எடுங்க. பேர், ஊர், எந்தப் படை, எந்த வருஷம். கிடைச்சா ஆகஸ்ட் 15 கிராம சபையில கொண்டுபோய் வைங்க, ஊராட்சி அலுவலகச் சுவத்துல ஒரு பலகையில எழுதணும்னு தீர்மானம் கேளுங்க. எங்க ஒடுகத்தூர் பேரூராட்சி, இங்கே கவுன்சிலரைத்தான் பிடிக்கணும். நான் ஏற்கெனவே ஒருத்தரைப் பிடிச்சுட்டேன், சுகர் மாத்திரைக்கு வர்றப்ப எல்லாம் ஞாபகப்படுத்தறேன்.

ஆயா போன வருஷம் தவறிட்டாங்க. பேரன்தான் வந்து சொன்னான். தாத்தா பேரைப் பலகையில போட்டா பக்கத்துல ஆயா பேரையும் போடலாமான்னு கேட்டான். எனக்கு விதி எதுவும் தெரியல, போடலாம்னு சொல்லிட்டேன்.

கடைசியா ஒண்ணு. அந்தப் பழைய காகிதங்களை லேமினேஷன் பண்ணிடாதீங்க, சூடு பட்டா எழுத்து போயிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேணாம். வெளிச்சத்துல வச்சு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துட்டு, ஒரு காகித உறையில போட்டு அலமாரியில வைங்க. மடிப்பு கிழியற மாதிரி இருந்தா விரிக்காதீங்க, ஓ.பி. நேரத்துல என்கிட்ட எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரா சேர்ந்து மெதுவா பிரிச்சுக்கலாம்.